லியான் ஃப்ளைஷர்: கை போனது, சங்கீதம் போகவில்லை

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கீத சம்பந்தமாக அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நமது காரியதரிசி கேட்டுக்கொண்டார். கர்நாடக சங்கீதத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த முன் வரிசையிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் கொஞ்சம் தூரமாகப் போய், அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பியானோ வித்வானைப் பற்றிச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். அவர் பெயர் லியான் ஃப்ளைஷர். 1928ஆம் வருஷம் ஜூலை 23ஆம் தேதி பிறந்தவர். 2020 ஆகஸ்ட் 2ஆம் தேதி, 92 வயதில் காலமானார்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அவருடைய 36ஆவது வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது வருஷங்களுக்கு மேல். பியானோ வாசிப்பவருக்கு வலது கை போனால் என்ன மிச்சம் இருக்கும்? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்ந்து காட்டிய பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கிறது.

முதலில் அந்த வாத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பியானோவில் 88 கட்டைகள் உண்டு. பொதுவாக வலது கை மெட்டை எடுத்துச் செல்லும். இடது கை கீழ் ஸ்தாயியில் அதற்கு ஆதாரமாக நிற்கும். நம் கச்சேரியில் போல் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று மேடையில் பிறப்பது அங்கே அநேகமாகக் கிடையாது. பீத்தோவனோ பிராம்ஸோ எழுதி வைத்ததை, ஒரு ஸ்வரம் கூடாமல் குறையாமல் வாசிக்க வேண்டும். அப்படியானால் வித்வானுக்கு விரல் வேகம்தானே முக்கியம் என்று தோன்றும். ஆனால் ஒரே உருப்படியைப் பத்துப் பேர் வாசித்தால் பத்து விதமாக இருக்கிறது. ஒருவர் வாசித்தால் கண்ணில் ஜலம் வருகிறது, இன்னொருவர் வாசித்தால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஃப்ளைஷரின் கதை.

அவர் பிறந்தது சான் ஃப்ரான்சிஸ்கோவில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பம். தகப்பனார் தொப்பி செய்து விற்பவர். பெரிய வசதி ஒன்றும் கிடையாது. பியானோ பாடம் உண்மையில் அண்ணாவுக்காக ஏற்பாடு ஆனது. பாடம் முடிந்து அண்ணா விளையாட ஓடிய பிறகு, மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாலு வயதுத் தம்பி பியானோ முன்னால் ஏறி உட்கார்ந்து அதையே வாசிப்பான். கொஞ்ச நாளில் அண்ணாவின் பாடம் நின்றது, தம்பியின் பாடம் ஆரம்பமாயிற்று. எட்டு வயதில் மேடையேற்றம். தாயாருக்கு மகனைப் பற்றிப் பெரிய கனவு. ஒன்று அமெரிக்க ஜனாதிபதி ஆக வேண்டும், இல்லாவிட்டால் உலகம் புகழும் பியானோ வித்வான் ஆக வேண்டும்! நம் வீடுகளில் ஐஐடி, இல்லாவிட்டால் ஐஏஎஸ் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

அந்தக் காலத்தில் ஆர்த்தர் ஷ்னாபல் என்று ஒரு மகா வித்வான் இருந்தார். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாக இசைத்தட்டில் பதிவு செய்தவர் அவர்தான். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று ஷ்னாபலுக்கு ஒரு நியமம். ஆகையால் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் என்ற இசைக்குழு நடத்துனர் ஒரு யுக்தி செய்தார். ஷ்னாபலை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையனைப் பின்வழியாகக் கூட்டிவந்து பியானோ முன் உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டு வெளியே வந்தவர் கேட்டார். நியமத்தைத் தளர்த்திச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே ஒரு நிபந்தனை: படிக்கும் காலத்தில் மேடையேறி வாசிக்கக் கூடாது. 1938-ல் தாயாரும் பையனுமாக இத்தாலியில் கோமோ ஏரிக்கரைக்கு, குருவைத் தேடிப் போனார்கள். பிறகு யுத்த காலத்தில் நியூயார்க்கில் பாடம் தொடர்ந்தது. மொத்தம் பத்து வருஷங்கள்.

குரு பரம்பரை என்றால் நமக்கு ஒரு தனி மரியாதை உண்டு அல்லவா? இந்தப் பரம்பரையைக் கேளுங்கள். பீத்தோவனிடம் நேரில் கற்றவர் கார்ல் செர்னி. செர்னியின் சிஷ்யர் லெஷெடிட்ஸ்கி. லெஷெடிட்ஸ்கியின் சிஷ்யர் ஷ்னாபல். ஷ்னாபலின் சிஷ்யர் ஃப்ளைஷர். பீத்தோவனுக்கும் இவருக்கும் நடுவே மூன்றே பேர். ஷ்னாபல் சிறுவனாக வியன்னாவில் படித்தபோது, லெஷெடிட்ஸ்கி அவரிடம், நீ பியானோக்காரன் ஆகப் போவதில்லை, நீ சங்கீதக்காரன் என்ற அர்த்தத்தில் சொல்வாராம். இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைமுறை கழித்து, பியானோக்காரர் என்கிற ஸ்தானம் கை நழுவிப் போன ஒருவரை இதுதான் காப்பாற்றப் போகிறது.

ஷ்னாபல் பாடம் எடுக்கும் விதம் தனி. ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற சிஷ்யர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். விரல் பயிற்சிகளில் அவருக்கு அக்கறை குறைவு. இந்த ஸ்வரம் ஏன் இங்கே வந்திருக்கிறது, இந்த வாக்கியம் எங்கே போய் முடிகிறது, மௌனம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விசாரம் பண்ணுவார். வாசிக்கும் முன் மனசுக்குள் அது கேட்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாலபாடம்.

1944-ல், 16 வயதில், ஃப்ளைஷர் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் கார்னகி ஹாலில் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். கான்செர்ட்டோ என்றால் ஒரு தனி வித்வானும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. நடத்தியவர் பியேர் மாண்ட்டோ. இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இந்தப் பையன் என்று அவர் கொண்டாடினார். 1952-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் எலிசபெத் ராணி பெயரில் நடக்கும் பெரிய போட்டியில் முதல் பரிசு. அந்தப் பரிசை வென்ற முதல் அமெரிக்கர் இவர்தான். அதன் பிறகு 1950களின் கடைசியிலும் 60களின் ஆரம்பத்திலும், ஜார்ஜ் செல் நடத்திய க்ளீவ்லாண்ட் இசைக்குழுவுடன் பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், நல்ல பதிவு எது என்று யாராவது கேட்டால் இன்றும் அவற்றைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் விதி விளையாடியது. 1964-ல் வலது கையில் ஒரு மந்தம் தெரிந்தது. அடுத்த வருஷம் செல்லும் க்ளீவ்லாண்ட் குழுவும் சோவியத் ரஷ்யாவுக்குச் சுற்றுப்பயணம் போக இருந்தார்கள். இவரும் கூடப் போக வேண்டும். கை சரியாக இல்லை என்றால் சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? இன்னும் சாதகம் பண்ணுவோம். அவரும் அதையேதான் செய்தார். தினம் ஏழெட்டு மணி நேரம், வலித்தாலும் விடாமல். பத்து மாதத்துக்குள் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. பயணத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. அதிக நேரம், அதுவும் இயந்திரத்தனமாகச் செய்த சாதகம்தான் இதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

என்ன வியாதி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பெயர் ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கோளாறு கையில் இல்லை, மூளையில். ஒவ்வொரு விரலையும் ஆட்டிவைக்க மூளையில் தனித்தனியாக ஓர் இடம் உண்டு. ஒரே நுணுக்கமான அசைவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சிலருக்கு அந்த எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. ஒரு விரலை நீட்டச் சொன்னால் இன்னொன்று மடங்குகிறது. தொழில்முறை இசைக் கலைஞர்களில் சுமாராக நூற்றுக்கு ஒருவருக்கு இது வருவதாக வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இதன் உறவுக்கார வியாதி ஒன்றை நம்மில் பலர் ஆபீஸில் பார்த்திருப்போம். நான் வேலை பார்த்த வங்கியில் ஒருவர் இருந்தார். முத்து முத்தான கையெழுத்து. பேரேடு எழுதுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல், பேனாவைப் பிடித்தவுடன் கை முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. அதே கையால் சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போடுவார், காபி ஆற்றுவார். பேனாவைத் தொட்டால் மட்டும் முடியாது. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று மேலதிகாரிகள் பேசினார்கள். மனுஷர் கூனிக் குறுகிப் போனார். கடைசியில் இடது கையால் எழுதப் பழகி, ஓய்வு பெறும் வரை அப்படியே ஓட்டினார். ஃப்ளைஷரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே பார்த்தால் கையில் ஒரு குறையும் தெரியாது. அதனால் அந்த வேதனையை மற்றவர்களிடம் சொல்லி நம்ப வைப்பதே பெரும்பாடு.

ஃப்ளைஷரும் கலங்கித்தான் போனார். நாலு வயதிலிருந்து செய்த ஒரே காரியம் இல்லை என்று ஆகிவிட்டது. குடும்ப வாழ்க்கை முறிந்தது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்ததாக அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். யார் எந்த வைத்தியம் சொன்னாலும் போய்ப் பார்த்தார். அக்குபங்சர், ஹிப்னாடிசம், ஊசி, மருந்து என்று ஒன்றும் பாக்கி இல்லை. ஒன்றும் பலிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் இந்த இருட்டில் கழிந்த பிறகு அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. தனக்கு உயிர் சங்கீதத்தின் மேல்தான். இரண்டு கையால் பியானோ வாசிப்பது அதற்குப் போகும் வழிகளில் ஒன்று. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் இருக்கின்றன என்று அவருக்குத் தோன்றியது.

முதல் வழி, சொல்லிக்கொடுப்பது. பால்ட்டிமோர் நகரத்தில் பீபடி இசைக் கல்லூரியில் 1959 முதலே அவர் ஆசிரியர். முன்பெல்லாம் சிஷ்யன் தப்பாக வாசித்தால், தள்ளி உட்கார் என்று சொல்லித் தானே வாசித்துக் காட்டிவிடுவார். இப்போது அது முடியாது. என்ன வேண்டும் என்பதை வார்த்தையால் சொல்லியாக வேண்டும். அதற்குத் தானே முதலில் தெளிவாக யோசித்திருக்க வேண்டும். கை போன பிறகுதான் தான் நல்ல ஆசிரியன் ஆனதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் சிஷ்யர்களுக்குச் சொன்ன ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசிக்கும்போது ஒவ்வொருவரும் ஒரே சமயத்தில் மூன்று பேராக இருக்க வேண்டுமாம். முதல் ஆள், வாசிப்பதற்கு முன்பே அந்த நாதம் எப்படி இருக்க வேண்டும் என்று மனசில் கேட்கிறவன். இரண்டாவது ஆள், கட்டையை அழுத்தி வாசிக்கிறவன். மூன்றாவது ஆள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வந்த நாதத்தைக் கேட்டு, முதல் ஆள் நினைத்ததும் இதுவும் ஒன்றுதானா என்று பார்த்து, இரண்டாவது ஆளுக்குத் திருத்தம் சொல்கிறவன். இப்போது யோசித்துப் பாருங்கள். அவருக்குக் கை போனபோது அந்த மூவரில் போனது ஒரே ஒரு ஆள். மற்ற இரண்டு பேரும் பத்திரமாக இருந்தார்கள். அந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டுதான் யெஃபிம் பிரான்ஃப்மன், ஆந்த்ரே வாட்ஸ், ஜோனத்தன் பிஸ் போன்ற பெரிய வித்வான்களை அவர் உருவாக்கினார்.

இரண்டாவது வழி, இசைக்குழு நடத்துவது. 1967-ல் நண்பர்களோடு ஒரு சிறு இசைக்குழுவை ஆரம்பித்தார். 1970-லிருந்து அன்னபோலிஸ் நகர சிம்ஃபொனியை நடத்தினார். 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநராக இருந்து, இளம் கலைஞர்களுக்கு வழி காட்டினார்.

மூன்றாவது வழிதான் விசித்திரமானது. பியானோவில் இடது கைக்கு மட்டுமே எழுதிய உருப்படிகள் இருக்கின்றன! அதற்குக் காரணம் பால் விட்கென்ஸ்டைன் என்ற ஆஸ்திரியப் பியானோ கலைஞர். தத்துவ ஞானி லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணா. 1914-ல், முதல் உலக யுத்தத்தில் வலது கையை இழந்தவர். குடும்பத்தில் செல்வம் கொழித்தது. ஆகவே ராவெல், புரோகோஃபியெவ், ஹிண்டெமித், பிரிட்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து, ஒரு கைக்கு உருப்படிகள் எழுதி வாங்கினார். ராவெல் எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், வாசிப்பது ஐந்து விரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃப்ளைஷர் அதை உலகம் முழுவதும் வாசித்தார்.

ஹிண்டெமித் 1923-ல் எழுதிக் கொடுத்தது விட்கென்ஸ்டைனுக்குப் பிடிக்கவில்லை. பணத்தைக் கொடுத்தார், ஆனால் வாசிக்கவில்லை, பிறரையும் வாசிக்க விடவில்லை. பூட்டி வைத்துவிட்டார். அவருடைய மனைவி காலமான பிறகு, 2002-ல்தான் அந்தப் பிரதி வெளியே வந்தது. 2004-ல் பெர்லின் ஃபில்ஹார்மானிக் குழுவுடன் சைமன் ராட்டில் நடத்த, அதை முதன்முதலாக அரங்கேற்றியவர் யார் தெரியுமா? நம் ஃப்ளைஷர்தான். யுத்தத்தில் கை இழந்த ஒருவருக்காக எழுதப்பட்ட சங்கீதம், 81 வருஷம் இருட்டில் காத்திருந்து, கை போன இன்னொருவரிடம் வந்து சேர்ந்தது.

இதற்கெல்லாம் நடுவில் வலது கையை அவர் மறக்கவில்லை. தினமும் ஒரு தடவை வாசித்துப் பார்ப்பாராம், இன்றைக்காவது வருகிறதா என்று. 1982-ல் பால்ட்டிமோரில் புதிய இசை அரங்கத் திறப்பு விழாவில் இரண்டு கையாலும் வாசித்தார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் உள்ளே இருந்த அந்த மூன்றாவது ஆள், இது சரியில்லை என்று சொல்லிவிட்டான். கை இன்னும் வசப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். மறுபடியும் இடது கைக்கே திரும்பினார். ஊரே பாராட்டும்போது தன் காதைத் தான் நம்புவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

கடைசியில் 1990களின் நடுவில் ஒரு வழி திறந்தது. தசைகளை ஆழமாக உருவிவிடும் ரோல்ஃபிங் என்ற சிகிச்சை ஒரு பக்கம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்த போட்டாக்ஸ் ஊசி மறு பக்கம். முகச் சுருக்கம் போக்க சினிமா நட்சத்திரங்கள் போட்டுக்கொள்கிறார்களே, அதே போட்டாக்ஸ்தான். அடிப்படையில் அது ஒரு விஷம். துளி அளவில் போட்டால் முறுக்கிக்கொண்ட தசை தளர்ந்துகொடுக்கிறது. சில மாதங்களுக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வியாதி போய்விட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சமாளிக்கிறேன் என்றுதான் சொல்வார். 1995-ல் மோட்சார்ட் கான்செர்ட்டோ ஒன்றை க்ளீவ்லாண்ட் குழுவுடன் இரு கைகளாலும் வாசித்தார். 2003-ல் கார்னகி ஹாலில் இரண்டு கைக் கச்சேரி. 2004-ல் 'இரண்டு கைகள்' என்ற பொருள் தரும் பெயரில் இசைத்தட்டு வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு இரு கைகளாலும் அவர் வாசித்த முதல் தனிப் பதிவு. அதே தலைப்பில் அவரைப் பற்றி எடுத்த குறும்படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2007-ல் கென்னடி சென்டர் விருதும் கிடைத்தது.

அந்த இசைத்தட்டில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா இருக்கிறது. 31 வயதில் இறந்துபோன ஷூபர்ட் தன் கடைசி மாதங்களில் எழுதியது. ஃப்ளைஷர் அதில் வேகம் காட்டவில்லை, சாமர்த்தியம் காட்டவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாகக் கீழே வைக்கிறார், கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல. இருபது வயதில் அவருக்கு விரல்கள் இதைவிட நன்றாக ஓடியிருக்கும். ஆனால் இந்த நிதானம் அப்போது வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே பெற்றோர்கள் பலர் இருக்கிறீர்கள். குழந்தைகள் வீணை, வயலின், மிருதங்கம், கீபோர்டு என்று கற்றுக்கொள்கிறார்கள்; கிரேடு பரீட்சை, போட்டி எல்லாம் இருக்கிறது. என் பேத்தியும் கீபோர்டு வாசிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் நேரத்தைக் கூட்டு என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்லும் யோசனை. அவளிடம் நான் சொல்வது இரண்டே விஷயம். வலித்தால் உடனே நிறுத்து. வலி தொடர்ந்தால் வைத்தியரிடம் போகலாம். வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை மனசுக்குள் பாடிப் பார். காது தூங்கும்போது விரல் மட்டும் ஓடுவதற்குச் சாதகம் என்று பெயர் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம் உட்காரும் பிள்ளைகளும் வலி விஷயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குக் குரல் போகிறது, முழங்கால் போகிறது, கண் மங்குகிறது, பதவியும் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. இனி நான் எதற்கு என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரு சாயங்காலம் வரத்தான் வரும். அப்போது அந்த மூன்று பேர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செய்கிறவன் தளர்ந்திருக்கலாம். கேட்கத் தெரிந்தவனும் நல்லது கெட்டது சொல்லத் தெரிந்தவனும் நமக்குள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. ஃப்ளைஷர் காலமாவதற்கு முந்தைய வாரம்கூட இணையம் வழியாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 92 வயது.

யூடியூபில் அவருடைய வாசிப்பு கிடைக்கிறது. முதலில் பிராம்ஸ், வாலிப வயதில் வாசித்தது. பிறகு ராவெல், இடது கையால் மட்டும். கடைசியாக ஷூபர்ட், இரண்டு கையாலும். இந்த வரிசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். மூன்றிலும் வாசிப்பது ஒரே மனுஷர் என்பது காதுக்குத் தானே தெரியும்.